ஓடிபி போன நம்பர்

கணபதி பகுதியில் புவனாவின் வீட்டு முன்னறை முழுக்கச் செம்புக் கம்பிதான். ஒரு பம்பு கம்பெனிக்கு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கிறாள். கூலி கொடுக்கும்போதே கம்பெனி, வரியென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அவள் வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனாலும் வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பி வரும். அதற்காக ஆறு வருடமாகக் கோவிந்தராஜுலுவின் ஆபீசுக்கு நடந்தாள். வாசலில் 'ஆடிட்டர்' என்று பலகை. அவர் ஆடிட்டர் இல்லை. திரும்பி வருவதில் பாதியை அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த ஜூலையில் அவள் கேட்டாள்: "ஏனுங்க, இதை நானே செய்ய முடியாதுங்களா?"

"அதெல்லாம் உங்களுக்கு ஆகாதுங்க அம்மணி. ஒரு எழுத்து தப்புனா நோட்டீஸ் வந்துபோடும்." கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் செல்போனில் தேடினாள். மேலே வந்த நாலும் விளம்பரம். 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றில் ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில், தொள்ளாயிரம் ரூபாய் கட்டினால்தான் தாக்கல் ஆகும் என்றது. மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"இலவசம்னு போட்டிருக்கீங்க?"

"அது சம்பளக்காரங்களுக்கு மட்டும்தான் மேடம்."

"அதை மொதல்லயே எழுதறதுக்குக் கை வலிக்குதா?" போனை வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் திரும்பவும் கோவிந்தராஜுலுவிடமே போனாள். அவர் பாதியில் போன் பேச வெளியே போனபோது, எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்த் திரையைப் பார்த்தாள். சிங்க முத்திரை. வருமான வரித் துறையின் சொந்த இணையதளம். பணம் கேட்கும் இடம் எங்குமே இல்லை. முகவரியை உள்ளங்கையில் எழுதி, காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டில் பான் நம்பரைப் போட்டாள். ஏற்கெனவே கணக்கு இருக்கிறதாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டதென்று கொடுத்தால், ஓடிபி வேறொரு நம்பருக்குப் போகும் என்றது. அந்த நம்பரின் கடைசி எண்கள் கோவிந்தராஜுலுவின் வாசல் பலகையில் இருந்தவை.

மறுநாள் காலை அவர் ஆபீசில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"என்ற கணக்குல உங்க நம்பர் எதுக்குங்க?"

"எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க வெக்கறது. உங்க வசதிக்குத்தான்."

"என்ற ஊட்டுச் சாவி உங்க பையில இருக்கறது எனக்கு வசதியா?"

"ஆறு வருஷம் செஞ்சு குடுத்திருக்கேன். நன்றி வேண்டாமுங்களா?"

"காசு வாங்கிட்டுத்தான செஞ்சீங்க!" காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "இது காசில்லாம நாமளே செய்யலாமுங்க. உங்க கணக்குல யாரு நம்பர் இருக்குன்னு கேளுங்க."

அவர்களில் ஒருவர் எரிந்து விழுந்தார்: "எங்க வேலையக் கெடுக்காம போம்மா."

அது அவளுக்குக் கோவிந்தராஜுலுவின் பேச்சைவிட அதிகம் வலித்தது. போய்விட்டாள்.

ஆதார் ஓடிபி வைத்துப் பாஸ்வேர்டை மாற்றினாள். தன் நம்பரைப் போட்டாள். தாக்கல் செய்ய இரண்டு நாள் ஆனது. இரண்டு முறை தப்பாகி, திட்டிக்கொண்டே திருத்தினாள். ஐந்தாவது வாரம் பணம் முழுசாக வந்தது. கோபம் மட்டும் ஆறவில்லை. ஆறு ஜூலை மாதங்கள் அந்த ஆபீஸ் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாளே.

அடுத்த வாரம் சாந்தாமணி வந்தாள். அன்று ஆபீசில் காத்திருந்த மூவரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள். கையில் பான் கார்டு.

"நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாமுங்க."

"தெரியட்டுமுங்க. நானே போய்ச் சொல்லுவேன்," என்றாள் புவனா. "உள்ள வாங்க."