சுண்ணாம்பு அடித்த சதுப்பு

போன வாரம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அரசாங்க அதிகாரி ஒருவர் ஒற்றைச் சப்பாத்தோடு நிற்பதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. மற்றச் சப்பாத்து எங்கே? அதற்குத்தான் வருகிறேன்...

அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஒரு சதுப்பு. நாணலும் சேறுமாக எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். அங்கே ஊறுகிற தண்ணீர்தான் லயத்துப் பீலிக் குழாயில் வந்து விழுகிறது. குடிக்க, குளிக்க, துவைக்க — எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான்.

கொஞ்ச காலத்துக்கு முன் கொழும்பு முதலாளி ஒருவருக்கு அங்கே கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஆசை வந்தது. சதுப்பின் மேல்பாதியை மண் போட்டு நிரப்ப அனுமதி கேட்டார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அந்தோணி விடுவாரா? அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, "நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று மன்றாடி, ஒரு கமிட்டியையே வரவழைத்துவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை.

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் நாம் என்ன செய்வோம்? வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். புல்லைச் செதுக்கு, கானை வெட்டு, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடி! தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகும் இது மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தோணியும் ஆள் திரட்டினார். நாணலை அடியோடு வெட்டினார்கள். நடுவே கான் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். சுற்றிலும் கல் பதித்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"அசிங்கமா கெடந்தா நம்மளப் பத்தி என்னங்க நெனப்பாங்க, மாஸ்டர்?" என்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் பிறகு கேட்டார்.

மாசி வெயிலில் கமிட்டி வந்து இறங்கியது. "கோ வகுர?" என்றார் பெரிய அதிகாரி சிங்களத்தில். எங்கேய்யா சதுப்பு? அந்தோணி பெருமையாகத் தரையைக் காட்டினார். தரை காய்ந்து கிடந்தது. அதிகாரி சிரித்தார். பங்களாவில் கோழிக்கறிச் சாப்பாடு முடிந்தது. முதலாளிக்கு அனுமதியும் கிடைத்தது.

ஏன் சார், குனிந்து ஒரு பிடி மண்ணைத் தொட்டுப் பார்க்கக் கூடாதா? பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று லயத்தில் ஒரு வார்த்தை கேட்டால் வாய் வலிக்குமா? இதற்கு ஒரு கமிட்டி, ஒரு ஜீப்... தூ!

கெஸ்ட் ஹவுஸ் எழும்பியது. பீலித் தண்ணீர் விரல் தண்டிக்குச் சுருங்கியது. "ஒரு கொடம் நெறையிறதுக்குள்ள பெரட்டுக்கு நேரமாயிருதுங்க" என்கிறார் அந்தோணியின் மனைவி ஞானம்மா. காலையில் பெயர் கொடுக்கும் அந்தப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது.

இப்போது முதலாளிக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். மிச்சப் பாதியையும் நிரப்ப வேண்டுமாம். போன வாரம் மறுபடியும் கமிட்டி — அதே அதிகாரி!

இந்தத் தடவை அந்தோணி கத்தியைத் தொடவில்லை. தொட விட்டால்தானே? "ஒரு புல்லுல கைய வச்சீங்க, வீட்டுப் பக்கமே வந்துறாதீங்க" என்று ஞானம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

பழைய கான் தூர்ந்து, நாணல் மறுபடியும் ஆளுயரம் நின்றது. அதிகாரி மிடுக்காக ஒரு எட்டு வைத்தார். முழங்கால் வரை உள்ளே! இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. ஞானம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சதுப்பா இல்லையா என்று இனிமேல் யாரும் கேட்க முடியாதே!

அதிகாரி காலுறையைப் பிழிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ரொம்ப ஆபத்தான இடம். ஆள் விழுந்தால் செத்துப்போவான். உடனே நிரப்பச் சொல்லலாம்."

காய்ந்து கிடந்தால் சதுப்பே இல்லை, நிரப்பு. சேறாகக் கிடந்தால் ஆபத்து, நிரப்பு. அப்புறம் எந்த இழவுக்கு வந்து பார்க்கிறீர்கள்?

"அப்ப தண்ணிக்கு நாங்க எங்கங்க போறது?" என்று ஞானம்மா கேட்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. ஜீப் புறப்பட்டுவிட்டது.

சப்பாத்து இன்னும் சேற்றுக்குள்தான் இருக்கிறது. அனுமதி வாங்காமல் அந்தச் சதுப்புக்குள் இறங்கியது அது ஒன்றுதான்.