பழைய புத்தகத்துக்குக் கடைசிப் பரீட்சை

எங்கள் அக்காவுக்குக் கணக்கு வராது என்பது ஊருக்கே தெரியும். வராத கணக்கை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் ஒப்பிப்பதைக் கேட்கும் தண்டனை எனக்குத்தான். நான் அப்போது ஆறாவது. 'முக்கோணம் ஏபிசி-யில்' என்று தொடங்கினால் 'என நிரூபிக்கப்பட்டது' வரை மூச்சு விடாமல் வந்து நிற்பாள். ஒரு நாள் சலிப்புத் தாங்காமல், ஏபிசிக்குப் பதிலாகப் பிக்யூஆர் என்று எழுத்தை மாற்றிப் படம் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை வெறித்துப் பார்த்தாள். பிறகு, இந்தத் தேற்றம் புத்தகத்திலேயே இல்லை என்று சொல்லி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பத்தாவதில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் போய்விட்டது அவளுக்கு. அது ஒரு பெரிய விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் கணக்கில் போகாதவர்கள்தான் கம்மி. பெரிய விஷயம் என்னவென்றால், அந்த வருஷம் கணக்குப் புத்தகத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகத்தில் படித்துத் தவறியவர்களுக்குப் புரட்டாசியில் கடைசியாக ஒரு பரீட்சை. அதையும் விட்டால் மார்ச்சில் புதுப் புத்தகத்தைப் படித்துத்தான் எழுத வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து புதுப் புத்தகத்தை வாங்கி வந்து அக்கா பிரித்துப் பார்த்தாள். அணிகள் என்று ஒரு பாடம். எண்களை வரிசையாக நிற்க வைத்து, பட்டியில் ஆட்டை அடைத்த மாதிரி இரண்டு பக்கமும் அடைப்புப் போட்டிருந்தது. கணங்கள் என்று இன்னொரு பாடம்; வட்டத்தின் மேல் வட்டம். அவள் உயிரைக் கொடுத்து உருப்போட்ட தேற்றங்களில் பாதியைக் காணவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"இது கணக்கே இல்ல" என்றாள்.

அப்பா முன்பே சொல்லியிருந்தார். புரட்டாசியில் தேறினால் கடலூரில் நர்ஸ் பயிற்சி. தவறினால் தை மாதம் மாமாவோடு கல்யாணம். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அவருக்கு இரண்டு வேளையும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நிலம் வெளியே போகாது என்று அப்பாவுக்குத் திருப்தி. தம்பியை வேறு எவளிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று அம்மாவுக்குத் திருப்தி. மாமாவைப் பிடிக்கவில்லை என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. நர்ஸ் ஆக வேண்டும் என்று மட்டும்தான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகப் பேச்சு. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பஸ் இல்லை. எங்கள் ஊரில் மரம் வெட்டும் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் மாமாதான். சாப்பிட வரும்போதெல்லாம் அதே பேச்சு. நம்ம ஜனத்துக்கு இத்தனை பர்சென்ட் தனியாக வேண்டும், காலேஜில் வேண்டும், உத்தியோகத்தில் வேண்டும். பர்சென்ட் என்று சொல்லும்போது அவர் குரல் உயரும். அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாமா, பரிச்ச நடக்குமா?"

"எங்க நடக்கப் போவுது? தள்ளி வெச்சிடுவாங்க புள்ள."

"தள்ளி வெச்சா ரேடியோல சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க" என்று மாமா மோரை ஊற்றிக்கொண்டார்.

ரேடியோ சொல்லவில்லை. பஸ் ஓடாததைச் சொன்னது, மந்திரி பேசியதைச் சொன்னது, எங்கோ பெய்த மழையைக்கூடச் சொன்னது. அக்கா ரேடியோவுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ரோட்டில் யாராவது போனால் ஓடிப்போய் விசாரிப்பாள். பரீட்சை இல்லை என்பார் ஒருவர். உண்டு, போலீஸ் காவலோடு நடக்கும் என்பார் அடுத்தவர். அவள் தவிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டு, காரணமே இல்லாமல் நானும் கூடவே நடந்தேன். இரண்டு பேரும் எங்கயாவது ஒரு இடத்தில் உட்காருங்களேன் என்று அம்மா கத்தினாள்.

பரீட்சை நாள் விடிந்ததும் அக்கா குளித்துத் தலை பின்னி, ஜாமெட்ரி பாக்ஸும் ஹால் டிக்கெட்டுமாக வந்து நின்றாள்.

"பஸ்ஸே இல்ல, இன்னா பண்றது? வுட்டுடு" என்றார் அப்பா.

"கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போறேன்."

"வயசுப் புள்ள தனியாவா?" என்றாள் அம்மா. இப்படித்தான் துணை என்ற பெயரில் நான் மாட்டிக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் சேமியா ஐஸ் வாங்கித் தருவதாக அக்கா சொன்ன பிறகுதான் செருப்பைப் போட்டேன்.

பஸ் புழுதி இல்லாததால் கல்வராயன் மலை அன்று பக்கத்தில் வந்து நின்றது போலத் தெரிந்தது. அக்கா ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். உதடு மட்டும் முக்கோணம் ஏபிசி-யில் என்று அசைந்துகொண்டே இருந்தது. ரோடு திரும்பும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேலும் கீழுமாக ஆட்கள். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த நாலைந்து பேரை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். நடந்து போகிறவர்களையும் விடவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார் மாமா.

"திரும்பிப் போ புள்ள" என்றார். "இன்னிக்கு யாரும் எங்கயும் போவக் கூடாது. ஒன்ன வுட்டா நாளைக்கு என்னையக் கேள்வி கேப்பாங்க."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"எதுக்கு மாமா மரத்த வெட்டிப் போட்டுக்கினு நிக்கிறீங்க?"

"தெரியாத மாரி கேக்குற. சீட்டுக்குத்தான்."

"அந்தச் சீட்ல யாரு போய் ஒக்காரப் போறா? பத்தாவதே தேறாதவளா?"

அடிமரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். "மாப்ள, ஒனக்கு வரப் போறவ இப்பவே கேள்வி கேக்குறா பாரு. வழிய வுடு, அவ சொல்றதுல தப்பு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அக்காவிடம், "எழுதினா பாஸ் ஆய்டுவியா?" என்று கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஆய்டுவேன் மாமா."

மாமா சைக்கிள் ஹேண்டில்பாரைத் துண்டால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நேரமாகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு மனுஷனுக்கு இத்தனை நேரமா? பிறகு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைத் தாண்டினார். "ஏறு" என்றார். அக்கா கேரியரில் உட்கார்ந்தாள். ஐஸ், ஐஸ் என்று நான் கத்தியது இருவர் காதிலும் விழவில்லை.

மத்தியானம் வரை அந்த ஆட்களுக்கு நடுவில் கிடந்தேன். மணி என்ன, மணி என்ன என்று எல்லோரையும் பிடுங்கினேன். அங்கே கடிகாரம் கட்டியிருந்த ஒரே ஆள் மாமாதான், அவரும் போய்விட்டார். ஒருவர் பொரி கொடுத்து வாயை அடைக்கப் பார்த்தார். பொரி தீர்ந்ததும் மறுபடியும் கேட்டேன்.

திரும்பி வரும்போது மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா சைக்கிளுக்கு அந்தப் பக்கமாக நடந்து வந்தாள். எனக்கு ஐஸ் இல்லை, ஒரு பன் வந்தது. கேள்வித்தாளில் தேற்றத்தின் எழுத்தைப் பிக்யூஆர் என்று மாற்றிவிட்டார்களாம். ஓரத்தில் பென்சிலால் ஏபிசி என்று எழுதி வைத்துக்கொண்டு சமாளித்தாளாம். அதற்கு எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அக்கா தேறினாள். கணக்கில் முப்பத்தெட்டு. எல்லோருக்கும் முன்னால் சந்தோஷப்பட்டவர் மாமாதான். மிட்டாய் வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. ஏன் என்று கேட்டால், அவனுக்கு வேலை ஜாஸ்தி என்பாள் அம்மா.

ஆடியில் எங்கள் வீட்டில் கூழ் ஊற்றினோம். மாமாவைக் கூட்டி வா என்று அம்மா என்னை அனுப்பினாள். அவர் மோட்டார் கொட்டகையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அக்கா வூட்ல இருக்காளா?"

"கடலூருக்குப் போயி ஒரு வாரம் ஆச்சி மாமா."

கையைக் கழுவித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செரி, வா போவலாம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தனை பேர் நடுவில் கேள்வி கேட்டாளே, அந்த வாய்க்குப் பயந்துகொண்டுதான் மனுஷர் இத்தனை மாதம் ஒளிந்திருக்கிறார். கண்டுபிடித்த பெருமையில் வீட்டுக்குள் நுழையும்போதே உரக்கச் சொன்னேன். "அம்மா, மாமாவுக்கு அக்கான்னா பயம்மா. அவ இல்லன்னு சொன்னதும் ஒடனே கெளம்பி வந்துட்டாரு."

மாமா குனிந்து கூழைக் குடித்தார். தலை நிமிரவே இல்லை. அம்மா வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். உள்ளதைச் சொன்னதற்கு அடி வாங்கினேனே என்று அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.