ஆறும் ஏழும் ஒரே மெஷினில்

திருப்பதியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனி ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெளிநாட்டுக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பார்கள். செய்து முடித்த பக்கங்களைத் திறந்து பார்த்து, எது கோணலாக இருக்கிறது, எந்தப் பட்டன் வேலை செய்யவில்லை என்று சொல்வது என் வேலை. புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சேரும்போதே சொல்லியிருந்தார். 

முதலாளியை சார் என்போம். அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

அப்போது பெரும்பாலானவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த பிரவுசரின் ஆறாம் பதிப்பு போய் ஏழாம் பதிப்பு வந்தது. ஆபீஸில் சுருக்கமாக ஆறு, ஏழு என்போம். சார் ஆசையாக எல்லா கம்ப்யூட்டரிலும் ஏழைப் போட்டுவிட்டார். ஏழு ஏறினால் ஆறு காணாமல் போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வெளிநாட்டில் நாய், பூனைகளுக்குத் தீனி விற்கும் கடைக்கு ஒரு சைட் செய்துகொண்டிருந்தோம். அந்தக் கடையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் ஆறில்தான் இருந்தார்கள். இரண்டிலும் பார்த்தாக வேண்டும்.

ஒரு மெஷினில் ஏழைக் கழற்றிப் பார்த்தோம். அது பாதியில் நின்றுபோய், திரும்ப உயிர் பெறுவதற்குள் அன்றைய பொழுதே போய்விட்டது. இனி யாரும் எதையும் கழற்றக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் ப்ரோகிராமர் எங்கேயோ தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். காளஹஸ்திப் பக்கத்துப் பையன், என்னைவிட ஓரிரு வயது பெரியவர். ஆறின் ஃபைல்களை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, அங்கிருந்தே அதை ஓட்டலாம் என்றார். ஓடியது. என் திரையில் இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு. இரண்டிலும் அதே நாய் அதே மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

சைட்டை வெளியே விடுவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆறில் மட்டும் கோணலாகும் இடங்களைச் சரிசெய்ய ப்ரோகிராமர் தனியாக ஒரு ஃபைல் எழுதியிருந்தார். 'நீ ஆறாக இருந்தால் மட்டும் இதைப் படி' என்று பக்கத்தின் மேலே ஒரு வரி இருக்கும். அந்த ஃபைலில் மெனுவை அகலமாக்கியிருந்தார். ஆனால் என் திரையில் ஆறு ஓடிய இடது ஜன்னலில் மெனு அகலமாகவில்லை. அவரிடம் சொல்லி, சும்மா சோதனைக்காக அந்த ஃபைலில் பக்கத்தின் பின்னணியைச் சிவப்பாக்கச் சொன்னேன். ஆக்கினார். இடது ஜன்னலைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். வெள்ளையாகவே இருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது ஆறுதான். ஆனால் இந்த மெஷினில் இருப்பது ஏழு என்று விண்டோஸில் பதிவாகியிருந்ததால், அது தன்னையே ஏழு என்று நம்பிக்கொண்டிருந்தது. ஆறுக்காக எழுதிய ஒரு வரியைக்கூட அது படிக்கவில்லை. இத்தனை நாள் நான் சரி, சரி என்று குறித்து வைத்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லை. 

ப்ரோகிராமர் தெலுங்கில் மெதுவாக, "இப்போ போய் சார்கிட்ட சொல்லாதே" என்றார். சொல்லாமல் இருக்க எனக்கு தைரியம் இல்லை. சொன்னேன். சார் வந்து என் திரையைப் பார்த்தார். பிறகு, "நிஜமான ஆறு எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

கீழே இருந்த நெட் சென்டர்களில் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏழு ஏறியிருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் புத்தூர் பஜாரில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை ஒட்டியிருந்த சென்டர். அங்கே எதையும் மாற்ற மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே பஸ் ஏறினேன். தினமும் மூன்று மணிக்கு அங்கே கரன்ட் போய்விடும் என்ற நினைப்பு பஸ் நின்ற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் என்னைப் பிடுங்கியது.

சென்டரில் சுவரோரமாக இருந்த மெஷினில் உட்கார்ந்து எங்கள் சோதனை முகவரியைப் போட்டேன். பக்கம் மெல்ல மெல்ல வந்தது. முழுக்க சிவப்பு. இதுதான் நிஜமான ஆறு.  உடனே ப்ரோகிராமருக்கு செல்லில் பேசி சிவப்பை எடுக்கச் சொன்னேன். எடுத்ததும்தான் தெரிந்தது, ஆர்டர் பட்டனைக் காணவில்லை. நாய்ப் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. நாளைக்குக் காலையில் பாதிப் பேருக்கு அந்தக் கடையில் ஒன்றும் வாங்க முடியாது.

அப்போது பின்னாலிருந்து, "இன்னாம்மா, இந்நேரத்துல இங்க?" என்று குரல் கேட்டது. நைனா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோய், பக்கத்துக் கடையில் வைண்டிங் கட்டக் கொடுக்க வந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

"ஆபீஸ் வேலை நைனா."

"ஆபீஸ் வேலைய ஆபீஸ்லதானே செய்வாங்க? நின்னுக்கச் சொல்லிட்டாங்களா? எங்கிட்ட சொல்லு, பரவால்ல."

"இல்ல நைனா. பட்டன் ஒன்னு காணோம். தேடிக்கினு இருக்கேன்."

அவர் முகம் இன்னும் கலங்கிப்போனது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் யார் யாரோ, பொண்ணை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பிக்கினு இருக்கே என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் அவர் வீட்டில் சொல்ல மாட்டார்.

காதில் செல்லோடு நான், "இப்போ? இப்போ பாருங்க, இன்னும் வரல," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ப்ரோகிராமர் அங்கே ஒவ்வொன்றாக மாற்றி, "இப்புடு சூடு", இப்போ பார், என்பார். நான் பக்கத்தைத் திரும்பத் திறப்பேன். நைனா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இன்னா கடை?"

"நாய்க்குத் தீனி விக்கற கடை."

"நாய் துன்றதுக்கா நீ துன்னாம உக்காந்துகினு இருக்கே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கடைசியில் பட்டன் வந்தது. அமுக்கினேன். அடுத்த பக்கம் வரத் தொடங்கியபோது தலைக்கு மேல் ஃபேன் சுழற்சி குறைந்தது. திரை கறுத்துப்போனது.

"போச்சும்மா. இனிமே ராத்திரிக்குத்தான்," என்றார் சென்டர்காரர்.

ஆர்டர் போனதா, போகவில்லையா தெரியாது. நான் எழுந்தபோது நைனாவும் எழுந்தார். "கரன்ட் வராம வைண்டிங்கும் நடக்காது. வா, உங்க ஆபீஸ் வரைக்கும் நானும் வரேன்" என்றார். வேண்டாம் என்றால் சந்தேகம் கூடும். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.  சார் முன்னால் இவர் எதையாவது கேட்டுவிடப் போகிறாரே என்று நான் பயந்துகொண்டே போனேன்.

கேட்டேவிட்டார். மாடிக் கதவருகே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று, தெளிவான தெலுங்கில், "மா பில்லகி பனி உந்தா, லேதா?" என்றார். எங்கள் பெண்ணுக்கு வேலை இருக்கா இல்லையா? எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. சார் எழுந்து வந்து, "உந்தி", இருக்கு, என்று மட்டும் சொல்லி அவருக்கு நாற்காலி போட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆர்டர் போச்சா?"

ப்ரோகிராமர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டது என்று சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். "தெரியாது சார். பார்க்கறதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு," என்றேன்.

சார் ஜன்னல் ஓரம் போய் நின்றார். பேச்சு நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்த வெளிநாட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்து சைட்டை ஒரு நாள் தள்ளிப்போடச் சொன்னார். போனில் அவர் கோபமாகப் பேசியது எங்களுக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு சார், "அந்த மெஷினையே இங்கே கொண்டு வர முடியுமா?" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே நைனா, "கொண்டாறேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், துண்டில் சுற்றிய சிபியு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சென்டர்காரர் அவருக்குத் தெரிந்தவர். வாடகை எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நைனா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

ஆபீஸில் அதை என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு மேஜையில் நிஜமான ஆறு, நிஜமான ஏழு. ஆறில் ஆர்டர் பட்டனை அமுக்கினால் அடுத்த பக்கம் வந்தது. ஆனால் விலாசம் எழுதும் கட்டத்தில் ஒரு எழுத்துகூட விழவில்லை. முந்தின நாள் ஆர்டர் போய்விட்டது என்று நான் சொல்லியிருந்தால் இப்படியேதான் வெளியே போயிருக்கும். ப்ரோகிராமர் அதைச் சரிசெய்தார். சாயங்காலம் சைட் வெளியே போனது. அன்றிரவு யாரும் குறை சொல்லி எழுதவில்லை. பாராட்டியும் எழுதவில்லை.

ஆறு மாதம் முடிந்தபோது சார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை நிரந்தரமா என்பது தெரியாமலே இரண்டு வருஷம் அங்கே இருந்து, பிறகு சென்னைக்குப் போனேன். அதுவரை நைனா என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. யாராவது விசாரித்தால் மட்டும், "நான் நேர்ல பார்த்துட்டு வந்தேன், நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.