காய்ச்சல் இல்லை, குணம்

எங்கள் தோட்டத்து மருந்தக ஐயா என்னைச் சாகவிடப் பார்த்தார். இதை நயமாகச் சொல்ல எனக்கு வராது.

மடுல்சீமைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கி, சுண்ணாம்பு வைத்தேன். அது என் தவறு. நான்காம் நாள் கால் வீங்கி உடம்பு கொதித்தது. ஐயா பனடோல் மாத்திரை கொடுத்தார்.

மறுநாள் காலை உடம்பு சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். காய்ச்சல் விட்டால் சுகம் என்றுதான் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் என்னைத் தாங்கி மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். ஐயா துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லொறி வரும். காய்ச்சல் இருந்தால்தான் துண்டு.

"காய்ச்சலே இல்லையே. வேலைக்குப் போகச் சொல்லு."

"மூச்சு வாங்குதுங்க. பேச்சும் கொழறுது."

"மேடேறி வந்தா வாங்காதா? ஒம் பொஞ்சாதிக்குக் கொழுந்து எடுக்கத்தான் நோவு."

"அவ கால ஒரு தடவ பாருங்கய்யா."

பார்க்கவில்லை. புத்தகத்தில் 'காய்ச்சல் இல்லை, குணம்' என்று எழுதினார்.

மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் விழுந்தேன். பசறை வழியாக ஆட்டோவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அடுத்த ஒன்பது நாள் எனக்கு நினைவில்லை.

கண் விழித்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: செப்சிஸ் (தொற்றை எதிர்க்கப்போய் உடல் தன்னையே சிதைத்துக்கொள்வது).

"ஒடம்புல காவல் அணுக்கள் இருக்குங்க. மொதல்ல அது கண்மண் தெரியாம அடிச்சிருக்கு. அப்புறம் களைச்சு, கொத்துக் கொத்தா செத்துருக்கு. ஒடம்போட சமநிலையே கவுந்திடுச்சு. ஆய்வுக்கூடத்துல எலிக்குத் தொற்ற உண்டாக்கி இததான் பாக்குறாங்க. எந்த அணு கூடுது, எது சாகுதுன்னு. எலி ஒடம்பு குளுந்தா மோசமாகுதுன்னு குறிச்சுக்குவாங்க."

"குளுந்தாலா?"

"ஆமாங்க. அதுக்காகவே அடிக்கடி சூடு பாப்பாங்க."

"நீ எலியாப் பொறந்திருக்கணும் புள்ள," என்றார் வீட்டுக்காரர். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எலியைக் குணமாக்கிய மருந்துகள் பல மனிதருக்குப் பலிக்கவில்லையாம். சீக்கிரம் வருவதுதான் மருந்து என்றார் டாக்டரம்மா. நான் சீக்கிரம்தான் வந்தேன். மருந்தகத்துக்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கு: புண்ணோடு காய்ச்சல் வந்து, பிறகு உடம்பு குளிர்ந்து, மூச்சு வாங்கி, பேச்சு குழறினால் அது சுகம் இல்லை. துண்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். சரிவில் நிற்க முடியாது. பனி இறங்கும்போது கை சில்லிட்டால் உடனே மூச்சை எண்ணுகிறேன். முன்பு வேலைச் சங்குச் சத்தத்தில் நாள் போகும். இப்போது ஒரு மூச்சிலிருந்து அடுத்த மூச்சுக்குப் போகிறது.

தோட்டத்தை நடத்தும் துரை அவர்களே, ஆபீசுக்குள் கூப்பிட்டால் வரமாட்டேன். காலைப் பெரட்டுக் களத்தில், வேலை பிரிக்கும்போது, எல்லோர் முன்னாலும் நின்று சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தால்தான் லொறி என்று சட்டம் போட்டது யார்? காலைப் பார்க்காமலே குணம் என்று எழுதியவர் இன்னும் அதே நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்?