சமோவாப் பெண்ணுக்கு நான் கொடுத்த வாக்கு

எங்கள் ஜீவனஹள்ளி வீட்டின் மாடி அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தவள், சமோவாத் தீவிலிருந்து நர்சிங் படிக்க வந்த பெண். பசிபிக் கடலில் எங்கோ இருக்கிற ஊர். அவள் கல்லூரியில் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள், நேபாளத்துப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். இவள் ஊரிலிருந்து இவள் ஒருத்திதான். போன வருஷம் வெளிநாட்டு மாணவர் விழா வைத்தபோது, பாலினேசியா என்று எழுதிய பலகையின் கீழ் சமைக்கவும் ஆடவும் இவளைத் தவிர ஆள் இல்லை.

சமையலில் நான் புகுந்தேன். அடுப்படியில் யாராவது திணறினால் எனக்குப் பொறுக்காது. சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துப் பொட்டலம் கட்டி, நெருப்பில் காய்ந்த கற்களின் மேல் அடுக்கி, வாழையிலை போட்டு மூடி வேகவைப்பார்களாம். மொட்டை மாடியில் கல்லைக் காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? "இட்லிப் பானை இருக்கும்மா, அது போதும்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? சேம்பு இலை நாக்கை அரிக்குமே என்று, அவள் அந்தப் பக்கம் போன நேரத்தில் தேங்காய்ப்பாலில் புளியைக் கரைத்து விட்டேன். வெந்ததும் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டவள் ரொம்ப நேரம் மென்றுகொண்டே இருந்தாள். "நல்லாருக்கு ஆன்ட்டி," என்றாள். அவள் வீட்டு ருசியை நான் கெடுத்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அத்தனை பொட்டலமும் வெந்து முடிந்த பிறகு தெரிந்து என்ன செய்ய?

ஆனால் அவளுக்குச் சாப்பாட்டை விட ஆட்டம்தான் பெரிது. அவர்கள் ஊரில் எந்த விசேஷமானாலும் கடைசியில் ஒரு பெண் ஆடுவாள். மெதுவாகக் கைகளை அசைத்து, நிதானமாக ஆடுகிற ஆட்டம். அவள் ஆடும்போது சொந்தக்காரர்கள் சுற்றிலும் ஓடிவந்து கோமாளித்தனம் பண்ண வேண்டும். கூச்சல் போட வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் விழுந்து உருள வேண்டும். இவர்கள் எவ்வளவு கண்றாவியாக ஆடுகிறார்களோ அவ்வளவு அழகாக அவள் தெரிவாள். அவளுக்குச் செய்கிற மரியாதையே அதுதானாம்.

"யாரும் வரலைன்னா?" என்று கேட்டேன்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். "ஆடுறவளுக்கு மனுஷங்க இல்லன்னு அர்த்தம். அம்மா வீடியோவுல பாப்பாங்க ஆன்ட்டி. நீங்க வருவீங்கல்ல?"

"நான் வராம வேற யாரு வருவா? உங்கம்மா விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க, பாரு."

வாய்ச்சவடால் மட்டுமில்லை. எங்கள் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு ஒத்திகையே பார்த்தோம். நான் புடவையைச் செருகிக்கொண்டு குதித்த குதியில் என் வீட்டுக்காரர், "சுத்தமா கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று பேப்பரோடு உள்ளே போய்விட்டார். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

விழாவன்று காலையில் கடை போட்டோம். பொட்டலத்தைத் தின்று பார்த்தவர்கள் எல்லாரும் மங்களூர் பக்கத்தில் சேம்பு இலையில் புளி சேர்த்துச் செய்கிற பத்ரொடே மாதிரியே இருக்கிறது என்று கன்னடத்தில் பாராட்டினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தேங்க்ஸ் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு அவள் முறை வந்தது. அங்கே அவர்கள் ஊரில் சாயங்காலம். அம்மாவுக்கு வீடியோ போட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு மேடையேறினாள். பாய் மாதிரி நெய்த ஒன்றை இடுப்பில் சுற்றி, தலையில் இறகு வைத்து, கைகளில் எண்ணெய் பூசியிருந்தாள். தொகுத்து வழங்கிய பெண் மைக்கில், இது அவர்களுடைய புனிதமான நடனம், எல்லாரும் மரியாதையாக அமைதி காக்க வேண்டும் என்றாள். அரங்கமே கப்சிப். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்தேன். எழுந்தேன் என்பது சத்தியம். பின்னாலிருந்து ஒருவர், "மேடம், கூத்கொள்ளி, காணல்லா," என்றார். மறைக்கிறது, உட்காருங்கள் என்று அவ்வளவுதான் சொன்னார், அதுவும் மெதுவாக. தண்ணீர் லாரிக்காரனிடம் நைட்டியோடு தெருவில் நின்று சண்டை போடுகிறவள் நான். உட்கார்ந்துவிட்டேன். மேடை பத்தடி தூரம். இந்த நிமிஷம் போகலாம், அடுத்த நிமிஷம் போகலாம் என்று நினைத்தேனே தவிர, எழுந்திருக்கவில்லை. அவள் புன்னகை மாறாமல் ஆடினாள். திரும்பும்போதெல்லாம் நான் இருந்த வரிசையைப் பார்த்தாள்.

போனில் அவள் அம்மா, "மத்தவங்கல்லாம் எங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கமிங், கமிங்," என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். கனத்த உடம்பு. தன் வீட்டு நடுவில் நின்று கூவினார், குதித்தார், கைகளை விரித்துச் சுற்றினார். இன்னும் இரண்டு பெண்கள் ஓடிவந்து தரையை அடித்துக்கொண்டு உருண்டார்கள். பெண்ணுக்கு மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று என் உள்ளங்கையில் கிடந்து கத்தினார்கள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன்.

பாட்டு முடிந்தது. பலமான கைதட்டல். அவள் இறங்கி வந்து போனை வாங்கினாள். அம்மா தரையில் உட்கார்ந்து, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் திரையைப் பார்த்தாள், என்ன நடந்தது என்று புரிந்துகொண்டாள். அம்மா பேசுவது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினாள். கடைசிவரை கூட்டினாள்.

பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"கால் வலியா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

எனக்குக் காலில் ஒரு வலியும் இல்லை. ஆமாம்மா என்றேன்.