கல்லூரியைச் சுற்றிய நீலப் புள்ளி

மதியம் இரண்டு இருபதுக்கு என் மகன் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தான். அதற்கு முந்தைய நிமிடம் வரை நகரத்தின் மறுகோடியில், பொம்மசந்திராவில், புதிதாகச் சேர்ந்த தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

போன மாதத்துக் கதை இது. இன்று காலை கல்லூரியிலிருந்து, ‘ஆசிரியர், அலுவலர்களுக்கான பயனுள்ள தொழில்நுட்பக் குறிப்புகள்: இரண்டாம் கட்டம்’ என்று மின்னஞ்சல் வந்தது. இன்னும் திறக்கவில்லை. முதல் கட்டத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டு, நான் போகலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கருத்தரங்க அறையில் புரொஜெக்டர் சூடாகி, தூசி கருகும் வாசனை வந்தது. எனக்கு அது உடனே சைக்ளோஸ்டைல் மையின் வாசனையாக மாறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வினாத்தாளை நாங்களே கைப்பிடி சுற்றி நகலெடுப்போம். அன்றைய தொழில்நுட்பக் குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: முந்தானையை இடுப்பில் செருகிக்கொள். கல்லூரி முழுவதற்கும் ஒரே தொலைபேசி. அழைப்பு வந்தால் தாழ்வாரத்தில் நின்று பெயரைக் கத்துவார்கள். யார் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது தோட்டக்காரர் வரைக்கும் தெரியும்.

“போன் தொலைஞ்சா பயப்படாதீங்க மேடம். உங்க அக்கவுன்ட்ட கம்ப்யூட்டர்ல தொறந்தா, போன் இருக்கற எடத்துல நீலப் புள்ளி காட்டும்” என்றார் பயிற்சியாளர். எல்லோரும் தத்தம் கணக்கைத் திறந்தார்கள். நான் மகன் கார்த்தியின் கணக்கைத் திறந்தேன். கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பருவம் முழுக்கப் பூங்காவில் உட்கார்ந்திருந்த பிள்ளை அவன். அன்றிலிருந்து அவனுடைய கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது.

புள்ளி வந்தது, எங்கள் கல்லூரியின் மேல்.

போன் செய்து பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப். இந்த வேலையையும் விட்டுவிட்டான், சொல்ல வந்திருக்கிறான், தைரியமில்லாமல் எங்கோ ஒளிந்து நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த வணிகவியல் சாந்தா மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அதே வரைபடத்தைத் தன் போனில் திறந்துகொண்டார்.

“பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். புடிச்சிடலாம்.”

நூலகத்துக்குப் போனோம். புள்ளி நூலகத்துக்கு வந்தது. கேன்டீனுக்குப் போனோம். கேன்டீனுக்கும் வந்தது.

“அய்யோ தேவ்ரே, நம்ம பின்னாடியே வரான்!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் சாந்தா மேடம்.

சட்டென்று திரும்பிப் பார்த்தோம். கன்னடத் துறைத் தலைவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எனக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில் ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, “கார்த்தி, வெளிய வாடா, அம்மா திட்ட மாட்டேன்” என்று கத்தினேன்.

“நான் கார்த்தி இல்ல மேடம், செகண்ட் இயர் பி.காம்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“நீ கிளாஸுக்குப் போகாம இங்கயா இருக்க?” என்றார் சாந்தா மேடம்.

தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்த பயிற்சியாளர் எங்கள் கதையைக் கேட்டார். வரைபடத்தில் ஒரு பொத்தானைத் தொட்டார். என் கைப்பை அலறியது.

“மேடம், உங்க பையன் அக்கவுன்ட்ட உங்க போன்ல எப்பவாச்சும் போட்டாங்களா?”

போட்டிருந்தான். தன் போன் ரிப்பேருக்குப் போனபோது என்னுடையதில் போட்டவன், எடுக்க மறந்துவிட்டான். அவ்வளவு நேரமும் புள்ளியைத் தோளில் மாட்டிக்கொண்டு நானே அதைத் துரத்தியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் என் போன் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரிந்தது. கார்த்தி எங்கே என்பது அப்போதும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றபடி அப்பாவை நினைத்துக்கொண்டேன். பீன்யாவில் தொழிற்சாலை வேலை அவருக்கு. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். இடைப்பட்ட நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் தேடியதில்லை. அம்மா மத்தியானம் நிம்மதியாகத் தூங்குவாள். அந்தத் தூக்கம் எந்த வருடத்தில் எங்கள் வீட்டை விட்டுப் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்குமே இப்போது அப்படித் தூக்கம் வருவதில்லை.

தெரு விளக்கு போட்ட பிறகு கார்த்தி வந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை. மத்தியானம் ஏன் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று கேட்டேன்.

“கேட்லயே போன ஆஃப் பண்ணி வாங்கி வெச்சுக்கறாங்கம்மா. இன்னிக்கு மெஷின தனியா ஓட்டச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டாங்க, தெரியுமா?” என்று ஷூவைக் கழற்றினான். “உனக்கு ட்ரெய்னிங் இருக்குன்னியே, உருப்படியா ஏதாவது கத்துக்கிட்டியா?”