அபூ வஸ்ஃபியின் இரண்டு வாரம்

அபூ வஸ்ஃபியின் வலது கையில் கறுப்புத் துணி கட்டிய கழி. அதை வீசிப் புறாக்களைக் கிளப்புகிறார். இடது கையில் கைபேசி. அதில், வீடு கட்டித் தரச் சொல்லிக் காத்திருக்கும் ஒரு வீட்டுக்காரரைச் சமாளிக்கிறார். காலை ஆறரை மணி, மொட்டைமாடி, காலில் ரப்பர் செருப்பு.

"சைட்டுலதான் நிக்கிறேன் ஹாஜி. உங்க சைட்டுலயேதான்."

முப்பத்தேழு புறாக்கள் ஒன்றாகச் சிறகடித்து எழும்புகின்றன.

"அங்க என்னய்யா சத்தம்?" ஹாஜியின் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. அபூ வஸ்ஃபி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அம்மான் நகரத்து அஷ்ரஃபியா குன்றில் பாதிப் பேருக்கு அவருடைய தொழில் விவகாரம் அத்துப்படி.

"கலவை மெஷின் ஹாஜி. ரெண்டு வாரத்துல சாவி உங்க கையில."

அந்த இரண்டு வாரத்தை நான் நன்றாக அறிவேன். பத்தொன்பது வருஷமாக அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். என் குளியலறைக் கூரை ஒழுகத் தொடங்கியபோது என் மகள் பால்பல்லோடு இருந்தாள். இப்போது கல்லூரியை முடிக்கப்போகிறாள். ஒழுகலுக்கு அடியில் வைத்த வாளியை மட்டும் மூன்று முறை மாற்றிவிட்டோம்.

ஆள் குட்டை. தொப்பை அவருக்கு அரை அடி முன்னால் போகும். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் உட்காரும் முன் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார். "இதுல சிமென்ட் கம்மி. யாரு கட்டினா?" என்று இறந்தவரின் மகனிடமே கேட்பார். அந்த மகன் அழுகையை நிறுத்திவிட்டுப் பழைய கான்ட்ராக்டரைத் திட்ட ஆரம்பிப்பான். அதுவும் ஒருவகை ஆறுதல்தான் என்பது அபூ வஸ்ஃபியின் கட்சி.

பத்தொன்பது வயதில் குவைத்துக்குப் போய்க் கம்பி கட்டினார். தொண்ணூறில் சண்டை வந்ததும் காரின் தலையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு அம்மானுக்குத் திரும்பினார். இங்கேயும் கம்பி கட்டும் கூலி வேலைதான். ஒரு வீட்டில் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள். அன்றைக்கு வீட்டுக்காரன் ஆடு அறுத்து வேலையாட்களுக்கு மன்ஸஃப் என்னும் கறிச்சோறு போடவேண்டும், அதுதான் முறை. அந்தக் கஞ்சன் கோழி வாங்கி வந்தான். கான்ட்ராக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கலவை பாதியில் இருக்க, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். ஆட்கள் ஏணியில் இறங்கத் தொடங்கினார்கள்.

"கோழியோட அப்புறம் சண்டை போடலாம்டா! சிமென்ட் காயுது!" என்று மேலேயிருந்து அபூ வஸ்ஃபி போட்ட கூச்சலில் எல்லோரும் திரும்ப ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. மறுநாள் பக்கத்து மனைக்காரர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "நான் கான்ட்ராக்டர் ஆனது படிப்பால இல்ல, ஒரு கோழியால" என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வார்.

நேர்மையாகச் சொல்லவேண்டுமென்றால், அவர் கட்டிய வீடு நிற்கும். கம்பியின் அளவில் கை வைக்கமாட்டார். ஈரக் கான்கிரீட்டில் எவனாவது கால் வைத்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் தூண்கம்பிகளை வெட்டாமல் ஓராள் உயரத்துக்கு விட்டுவைப்பார். மகன் வளர்ந்து கல்யாணம் என்று வரும்போது அந்தக் கம்பிகளில் அடுத்த மாடியை எழுப்பிக்கொள்ளலாம். இப்படி அறுபது குடும்பத்து மகன்களுக்கு வானத்தில் இடம்பிடித்துக் கொடுத்தவர் அவர்.

அவருடைய வீட்டின் மேலும் கம்பிகள் நின்றன. ஒரே மகன் வஸ்ஃபிக்காக. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வஸ்ஃபி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறான், முப்பது வயது. ஆனால் அந்தக் கம்பிகளில் மாடி ஏறவில்லை. பலகை அடித்து, வலை கட்டி, நீலப் பெயின்ட் பூசிப் புறாக்கூண்டு ஏறிவிட்டது.

"புறாவுக்கு ரெண்டு ரூமு, எனக்கு ஒண்ணும் கிடையாதாப்பா?" என்று வஸ்ஃபி கேட்பான்.

"ரெண்டு வாரம்டா கண்ணு" என்பார் தகப்பன், ஒரு பெட்டையின் அலகுக்குள் ஊதிப் பார்த்தபடி.

எங்கள் ஊரில் புறா விடுகிறவனுக்கு நல்ல பெயர் கிடையாது. அடுத்தவன் புறா தன் மாடியில் இறங்கினால் அமுக்கிக்கொள்வான், பிறகு அல்லாஹ் மேல் சத்தியம் செய்து பார்க்கவேயில்லை என்பான். அவனுடைய சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதோடு கான்ட்ராக்டராகவும் இருந்துவிட்டால் ஒருவனுடைய வாய்ச்சொல்லுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வசந்தத்தில் வஸ்ஃபிக்குப் பெண் கேட்கப் போனோம். இருபத்திரண்டு ஆண்கள், அதில் நானும் ஒருவன். பெண் ருபா, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அபூ ரஸ்மியின் மகள். முப்பத்திரண்டு வருஷம் தேதி முத்திரை குத்திய மனிதர் அவர். அவருடைய வீட்டைக் கட்டியதே அபூ வஸ்ஃபிதான்.

இந்த மாதிரி வைபவம் முக்கால்வாசி நாடகம். பெண்கள் எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்திருப்பார்கள். ஆண்கள் போய் உட்காரவேண்டும். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்து, எங்களுக்கு ஒரு வேண்டுதல் உண்டு என்று சொல்லவேண்டும். பெண்ணின் தகப்பன் சரி என்பார், காப்பியைக் குடித்துவிட்டு இனிப்புக்குக் கை நீட்டவேண்டும். எனக்கு அந்த இனிப்புத் தட்டின் மேல் முன்பே கண்.

அபூ வஸ்ஃபி கோப்பையை வைத்தார். நாங்களும் வைத்தோம். எங்களில் மூத்தவர் வேண்டுதலைச் சொன்னார்.

"பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு" என்றார் அபூ ரஸ்மி. கைகள் கோப்பைகளை நோக்கி நீண்டன. "ஆனா ஒண்ணு. அவ எங்க குடியிருப்பா? அந்தப் புறாக்கூண்டுலயா?"

"மாடி கட்டிடலாம் அபூ ரஸ்மி. அது ஒரு வேலையா?"

"எப்போ?"

 சொல்லாதேய்யா என்று மனசுக்குள் கத்தினேன். ஆனால் அந்த வாய்க்கு வேறு எதுவும் பழக்கமில்லை.

"ரெண்டு வாரம்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வெடித்து இருமலாக மாறியது. அபூ ரஸ்மி சிரிக்கவில்லை.

"என் சமையல்கட்டையும் ரெண்டு வாரம்னுதான் சொன்னீங்க. பதினாலு மாசம்! ஒரு ரமலான் முழுக்க என் வீட்டுக்காரி பால்கனியில நின்னு கஞ்சி காய்ச்சினா. மாடியைக் கட்டுங்க. புறாக்களை அனுப்புங்க. என் பொண்ணு தலைக்கு மேல ஒரு எச்சம் விழக்கூடாது. அப்புறமா வாங்க, காப்பி குடிக்கலாம்."

இருபத்திரண்டு கோப்பைகள் அப்படியே ஆறின. எங்கள் தெருவில் கேள்விப்படாத அவமானம் அது. படியிறங்கும்போது வஸ்ஃபி தகப்பன் முகத்தைப் பார்க்கவேயில்லை. அபூ வஸ்ஃபி என்ன நினைத்தாரோ, இடுப்பு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக இரக்கம் வந்தது. குளியலறையைக்கூட மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கூண்டு காலி. முப்பத்தேழையும் பெட்டிகளில் அடைத்துக் குன்றின் கீழ்ப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கசாப்புக்கடைத் துர்க்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினோரு வருஷமாக இருவரும் ஒருவர் புறாவை ஒருவர் அமுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள். துர்க்கி கேலி செய்வான் என்று நானும் பின்னாலேயே போயிருந்தேன். அவன் ஒவ்வொரு பெட்டியாக வாங்கி வைத்துவிட்டு, "என்ன தீனி போடுவே?" என்று மட்டும் கேட்டான். அபூ வஸ்ஃபி சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டு, கையால் சோளத்தின் அளவைக் காட்டினார்.

பிறகு மற்ற சைட்டுகளின் ஆட்களையெல்லாம் தன் மாடிக்கு இழுத்துவந்தார். அங்கங்கே வேலை நின்றது. வீட்டுக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் இரண்டு வாரம் சொன்னார். சொன்னபடியே பதினாலாம் நாள் வஸ்ஃபியின் கூரைக்குக் கான்கிரீட் ஏறியது. முப்பது வருஷத்தில் அவர் வாய்ச்சொல் பலித்த ஒரே தேதி. கீழே இரண்டு ஆடு வெந்துகொண்டிருந்தது.

மதியம் அபூ ரஸ்மி வந்தார். கையில் தன் வீட்டுக் காப்பிக் கூஜா, சட்டைப்பையில் ஒற்றைக் கோப்பை. மூச்சு வாங்க ஏணியேறிப் பலகைமேல் நின்று, ஈரக் கூரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். "பதினாலே நாள்" என்றார், தனக்கே நம்பிக்கை வராதவராக. அப்புறம் அவர் கண் தூண்கம்பிகளில் போய் நின்றது. இந்தக் கூரையின் மேலும் அவை ஓராள் உயரத்துக்கு நின்றன.

"உங்களுக்கு ஒரே பையன்தானே? இது யாருக்கு?"

அபூ வஸ்ஃபி ஒரு கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார். அபூ ரஸ்மி காப்பியை ஊற்றி, எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் நீட்டினார். "குடிங்க சம்பந்தி. பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

வஸ்ஃபி ஏணியின் உச்சியில் நின்றபடி மூச்சை விட்டான். அதே நேரம் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து துர்க்கி விட்ட கூட்டம் எழும்பி, பழக்க தோஷத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்து சுற்றத் தொடங்கியது.

அபூ வஸ்ஃபி கோப்பையை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். பிறகு தொப்பையை மடக்கிக் குனிந்து, ஒரு சொட்டும் குடிக்காமல், வேண்டுதல் சொல்ல வந்தவர் போல அதை அபூ ரஸ்மியின் காலடியில் பலகைமேல் வைத்துவிட்டு, மேலே சுற்றும் புறாக்களைப் பார்த்தார்.